சொன்ன நேரத்துக்கு வந்த தூசி

ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தாலே நமக்கு ஆச்சரியம். வானத்துத் தூசி வந்தால்?

நவம்பர் நடுவில், சிம்ம ராசிப் பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் விழும். லியோனிட்ஸ் என்று பெயர். சாதாரண வருஷங்களில் மணிக்குப் பத்துப் பதினைந்துதான். கழுத்து வலி மிச்சம். ஆனால் 1833-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கொட்டித் தீர்த்தது. பிரளயம் வந்துவிட்டது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். 1866-ல் ஐரோப்பாவில் மறுபடி.

காரணம், 33 வருஷத்துக்கொருமுறை சூரியனிடம் வந்து போகும் டெம்பெல்-டட்டில் என்ற வால் நட்சத்திரம். வெயில் பட்டு அதன் பனி ஆவியாகும்போது, கூடவே தூசியும் கிளம்புகிறது. அதுதான் வினாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றில் பாய்ந்து எரிகிறது.

சரி, 66-ஓடு 33-ஐக் கூட்டு. 1899-ல் ராத்திரி முழுக்க அண்ணாந்து பார்த்தார்கள். ம்ஹூம்! வான சாஸ்திரிகளின் மானம் கப்பலேறியது. (வியாழனும் சனியும் தூசியை இழுத்து ஒதுக்கிவிட்டன, சந்தேகம்தான் என்று ஸ்டோனி, டௌனிங் இருவரும் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். யார் கேட்டார்கள்?)

சூட்சுமம் என்னவென்றால், அங்கே இருப்பது ஒரே தூசிப் படலம் இல்லை. பின்கதவு சரியாக மூடாத மணல் லாரி ஒவ்வொரு டிரிப்பிலும் ரோட்டில் ஒரு கோடு விட்டுப்போகுமே, அந்த மாதிரி வருகைக்கு ஒரு தனி இழை. ஒவ்வொன்றையும் பெரிய கிரகங்கள் ஒவ்வொரு விதமாக நகர்த்துகின்றன. இழையும் ரொம்பச் சன்னம்; பூமி ஓரிரு மணியில் தாண்டிவிடும். ஆகவே லாரி எங்கே என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எந்த டிரிப் மணல், இன்றைக்கு எங்கே?

இது வெறும் வேடிக்கை சமாசாரமும் இல்லை. தூசி பட்டுவிடுமோ என்று 1998-ல் ஹப்பிள் தொலைநோக்கியையே பத்து மணி நேரம் முதுகைக் காட்ட வைத்தார்கள்.

வட அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்து டேவிட் ஆஷரும், ஆஸ்திரேலியாவிலிருந்த ராபர்ட் மெக்நாட்டும் இழை இழையாகக் கணக்கிட்டு, 1999 நவம்பர் 18, கிரீன்விச் நேரம் 2 மணி 8 நிமிஷம் என்றார்கள். சில நிமிஷங்கள்தான் வித்தியாசம், கொட்டியது! எந்தத் தூசி தெரியுமோ? ஊரையே ஏமாற்றிய 1899 வருகையில் விட்டுப்போன அதே தூசி.

நமக்கு அப்போது காலை 7.38. டிகாக்‌ஷன் இறங்கும் நேரம், பளீரென்று வெயில்.

டெம்பெல்-டட்டில் அடுத்து 2031-ல் வருகிறது. இப்போதே மொட்டை மாடியைக் கழுவி வைக்காதீர்கள். எந்த இழை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தபின் பாயை விரிக்கலாம்.