மூடாத இழுப்பறை

(11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

வீட்டில் ஒரு பொருள் பழுதானால், ‘மெக்கானிக் வரட்டும்’ என்று காத்திருப்பது நம் வழக்கம். அவர் வந்து இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகும்போது, ‘இவ்வளவுதானா!’ என்று வியப்பதும் நம் வழக்கம். அப்படி வியப்பதற்கு வழியில்லாமல் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது கடற்கரை ஊர். சென்ற மே மாதம் அண்ணன் விடுமுறையில் வருகிறான் என்று அம்மா இரண்டு கிலோ சீலா மீன் வாங்கி, ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் உள்ள ஃபிரீசரில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஃபிரீசர்க் கதவு ஒரு விரற்கடை திறந்தே இருந்தது. தரையில் நீர் தேங்கியிருந்தது. நடு இழுப்பறை முழுவதும் உள்ளே போகாமல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது; அதனால்தான் கதவு மூடவில்லை. தம்பி காலால் ஓர் உதை கொடுத்தான். இழுப்பறை அசையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஐஸ் கட்டியிருக்கும்மா” என்று சொல்லி, காய்கறி நறுக்கும் கத்தியை எடுத்துச் சுரண்டப் போனான்.

அதற்குள் அம்மா மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார் அவர். ஆனால், “அதுவரைக்கும் தள்ளாதீங்க, கத்தி வச்சுச் சுரண்டாதீங்க” என்றும் சொன்னார். பாட்டி உடனே, “டேய், கத்தியைக் கீழே போடு!” என்று அதட்டினார்கள். அந்த ஓர் அதட்டல் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தடுத்தது என்பதைப் பின்னர் எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

ஃபிரீசரின் மெல்லிய பின்சுவரை அடுத்து, குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் உள்ளன. சில ஃபிரிட்ஜுகளில் சுவரோடு சுவராகவே அவை பதிந்திருக்கும். கத்தி முனை பட்டு ஒரு சிறு துளை விழுந்தாலும் வாயு வெளியேறிவிடும், ஃபிரிட்ஜ் குளிர்விக்காது. இன்று வீடுகளில் உள்ள பல ஃபிரிட்ஜுகளில் அந்த வாயு ‘ஐசோபியூட்டேன்’. நம் சமையல் வாயுவுக்கு உறவான இது எளிதில் தீப்பற்றக் கூடியது. ‘ஆர்-600ஏ’ என்று ஃபிரிட்ஜின் விவரச் சீட்டில் அச்சிட்டிருந்தால் அது இந்த வாயுதான். அடுப்பு எரியும் சமையலறையில் அது கசிந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

சரி, ஒரே இரவில் அத்தனை பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். ஃபிரீசருக்குள் நிலவும் மைனஸ் 18 டிகிரியிலோ அதே அளவு காற்று ஏறக்குறைய 1 கிராம்தான் தாங்கும். ஆகவே இடைவெளி வழியாக உள்ளே நுழையும் காற்று, தன் ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே உறைபனியாக இறக்கி வைத்துவிடுகிறது. அப்பனி இழுப்பறை நகரும் தடத்தில் படிந்தால் இழுப்பறை இன்னும் முன்னே தள்ளப்படுகிறது. இடைவெளி பெரிதாகிறது, மேலும் காற்று நுழைகிறது, மேலும் பனி சேர்கிறது. ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்பது இங்கே கெடுதலுக்கும் பொருந்துகிறது. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் இது இன்னும் விரைவாக நடக்கிறது.

கதவு ஏன் இழுப்பறையைத் தானே அழுத்தி உள்ளே தள்ளிவிடவில்லை என்றும் கேட்டேன். ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைக்குள் காந்தம் இருக்கிறது. அந்தக் காந்தத்தின் இழுவிசைதான் கதவை மூடி வைக்கிறது. முற்காலத்து ஃபிரிட்ஜுகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கக் கூடிய கொக்கிப் பூட்டு இருந்தது. கைவிடப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தனர். எனவே அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி 1958 அக்டோபர் இறுதி முதல் அங்கே தயாராகும் வீட்டு ஃபிரிட்ஜுகள் உள்ளிருந்தும் எளிதில் திறக்கக் கூடியவையாக இருக்க வேண்டும். காந்தப் பட்டை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு குழந்தை தள்ளினாலே திறக்க வேண்டிய கதவு, துருத்தி நிற்கும் இழுப்பறையை எப்படித் தள்ளும்? அதன் வலுவின்மை குறையன்று. குழந்தைகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடு.

இனி, நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உலர்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கினோம். தரையில் நின்ற நீரைத் துடைத்தோம்.

2. ஃபிரீசரில் இருந்த பொருள்களைச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு வாளியில் அடுக்கி, தடித்த போர்வையால் மூடினோம். குளிர் வெளியேறாமல் இருக்க இது உதவும்.

3. இழுப்பறையை மெதுவாகக் கடைசிவரை இழுத்து, முன்பக்கத்தைச் சற்றே தூக்கி வெளியே எடுத்தோம். அப்போதுதான் குற்றவாளி அகப்பட்டது! பச்சைப் பட்டாணிப் பொட்டலம் ஒன்று இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து, சுவரோடு உறைந்து கிடந்தது.

4. மடித்த துணியின்மேல் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, கதவைத் திறந்தே விட்டோம். நீர் ஆறியபோது மாற்றினோம். ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டி இளகிக் கையோடு வந்துவிட்டது.

5. இழுப்பறைத் தடங்களையும் கதவின் ரப்பர்ப் பட்டையையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரமின்றி உலர்த்தினோம். பட்டையின் மடிப்புகளில் சேரும் பிசுக்கும் கதவு மூடாமைக்குக் காரணமாகும்.

6. இழுப்பறையைத் தடத்தில் சரியாகப் பொருத்தினோம். கதவின் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். பிடிப்போடு வந்தால் கதவு நன்றாக மூடுகிறது என்று பொருள். கதவைச் சுற்றிப் பல இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று வரும் இடத்தில் பட்டை விறைத்தோ வளைந்தோ இருக்கும்; வெந்நீரில் பிழிந்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

7. ஃபிரிட்ஜின் முன்கால்களைத் திருகி, முன்பக்கம் மிகச் சிறிதளவு உயர்ந்திருக்கச் செய்தோம். அப்போது கதவு தானாகவே மூடும் பக்கம் சாயும்.

இவ்வளவும் செய்தபின் பனி மீண்டும் மீண்டும் இழுப்பறையின் அடியிலேயே சேர்ந்தால், பனி உருகிய நீர் வடியும் துளை அடைபட்டிருக்கக் கூடும். அதற்கு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

மீன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தொட்டால் இன்னும் சில்லென்று, நடுவில் உறைந்தே இருந்தது. உறைபனி மிச்சமிருக்கும் பொருளை மறுபடியும் ஃபிரீசரில் வைக்கலாம். முழுவதும் இளகி வெதுவெதுப்பாகிவிட்ட மீனையும் இறைச்சியையும் மணத்தை நம்பாமல் எறிந்துவிட வேண்டும். அம்மா எதற்கு வம்பு என்று அன்றே சமைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அன்று சீலா மீன் குழம்பு! அண்ணனுக்கு மறுநாள் சாம்பார்தான் கிடைத்தது.

அன்று மாலை மெக்கானிக்குக்குத் தொலைபேசி செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தம்பி இப்போது ஃபிரீசரை மூடுமுன் பின்னால் எட்டிப் பார்க்கிறான். இழுப்பறையை விளிம்புக்கு மேல் நிரப்பினால் அவனே அம்மாவைக் கண்டிக்கிறான். மூடாத ஒன்றைப் பலம்கொண்டு தள்ளுவதற்கு முன், அது ஏன் மூடவில்லை என்று ஒரு நிமிடம் குனிந்து பார்ப்போம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வாளி, ஒரு போர்வை, ஒரு பாத்திரம் வெந்நீர் மட்டுமே தேவைப்பட்டன.