பனிச்சறுக்கும் முழங்காற் காப்பும்

உடலின் ஓருறுப்பைக் காக்க முற்படுங்கால், இடர் பிறிதோர் உறுப்பிற்குப் பெயர்தலும் உண்டு. மலைச்சரிவுப் பனிச்சறுக்கின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அல்ப்ஸ் முதலிய மலைகளிலே, நீண்ட இரு பலகைகளைக் கால்களிற் பிணித்துப் பனிமீது விரைந்திறங்குவதே இவ்விளையாட்டாகும். முற்காலத்தில் மெல்லிய தோற் சப்பாத்து அணிந்தோர்க்குக் கணுக்காலே பெரிதும் ஊறுபட்டது. 1960களில் விறைப்பும் உயரமும் மிக்க பிளாத்திக்குச் சப்பாத்துக்கள் வந்தன. கணுக்கால் தப்பியது; ஆயின் சப்பாத்தின் மேல்விளிம்பை அடுத்துக் கணைக்கால் எலும்பு முறியலாயிற்று.

விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றால் இம்முறிவு நேராதன்றோ? அமெரிக்காவிற் குடியேறிய நோர்வே நாட்டவரான யால்மர் வாம், 1937ஆம் ஆண்டிற் சறுக்கும்போது தம் கால் முறியப்பெற்றார். அதன்பின் தானே கழலும் பிணைப்பொன்றை அமைத்து, 1939இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காலப்போக்கிற் செம்மையுற்ற இத்தகைய பிணைப்புக்கள் கணைக்கால் முறிவைப் பெரிதுங் குறைத்தன. எனினும், 1980களில் முழங்காலினுள்ளே அமைந்த முன்குறுக்குத் தசைநார் கிழிதல் மிகுந்தது.

அதற்குக் காரணம் யாது? சறுக்குவோர் பின்சாய்ந்து, இடுப்பு முழங்காலினுந் தாழ, உடற்பாரம் சரிவின் கீழ்ப்பக்கத்துப் பலகையின் பின்முனை உள்விளிம்பிற் பொறுக்குமாயின், அம்முனை நெம்புகோல்போல் முழங்காலைத் திருகும். மனிதப் பாதம் முன்னோக்கியே நீள்வது. பலகையோ பின்னோக்கியும் நீண்டு, இல்லாத பாதமொன்றை உண்டாக்குகின்றது. ஆதலின் ஆராய்ச்சியாளர் இதனை 'மாயப் பாதம்' என்பர். வழக்கமான பிணைப்பு இத்திருகலை உணர்ந்து கழல்வதில்லை.

கருவி காவாத இவ்விடத்தை அறிவினாற் காக்கலாம் என எற்லிங்கர், ஜோன்சன், சீலி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கருதினர். 1993–94ஆம் ஆண்டுப் பருவத்தில், 20 சறுக்கிடங்களின் பயிற்றுநர்க்கும் காவற்குழுவினர்க்கும் ஊறு நேரும் முறையைப் படக்காட்சிகளால் விளக்கினர். பயிற்சி பெற்றோரிடையே கடுமையான முழங்கால் ஊறுகள் நூற்றுக்கு 62 வீதங் குறைந்தன.

அவர்கள் கற்பித்தவை எளியனவே. கைகளை முன்னே நீட்டி, பாதங்களை நெருக்கி, கைகளைப் பலகைகளுக்கு நேராக வைத்தல் வேண்டும். விழுந்தபின் கால்களை நிமிர்த்தலாகாது. சறுக்கல் முற்றும் நிற்குமுன் எழ முயலலாகாது. நிலைதவறியவர் எழுந்து தம்மைக் காத்துக்கொள்ள விரைவது இயல்பு. அவ்விரைவே தசைநாரை அறுப்பதும் உண்டு. ஆதலின் சறுக்கக் கற்போர், விழக் கற்றலையும் முதற்பாடமாகக் கொள்ளல் நன்று.