கட்டிங் வீல் ஏன் வெடிக்கிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெல்டிங் பட்டறையில் சுவர் காயவே நேரமிருக்காது. அந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். கிரைண்டரின் கட்டிங் வீலுக்குள் ஈரம் இறங்குவது தெரியாது.

உராய்வுத் துகள்களைப் பிசினால் ஒட்டி, கண்ணாடி இழை வலை வைத்து அழுத்திச் சுட்டதுதான் இந்த வீல். ஈரம் ஏறினால் துகளைப் பிடித்திருக்கும் பிசின் தளர்கிறது. 100 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், விளிம்பின் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். பிடி விட்ட துண்டு அதே வேகத்தில் நேராகப் பாயும். அதைத் தடுக்க இருப்பது பாதுகாப்பு மூடியான கார்டு ஒன்றுதான். "கைக்கு இடைஞ்சல்" என்று அதைக் கழற்றி வீசுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

வீலின் நடுத்துளையைச் சுற்றிய உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பலர் அதைத் தயாரித்த தேதி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காலாவதித் தேதி. தயாரித்து 3 ஆண்டுதான் ஆயுள், அதுவும் உலர்வாக வைத்திருந்தால். ஆணியில் தொங்கவிடாமல், மூடியுள்ள டப்பாவில் சமமாகப் படுக்கவையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டே வீலை மாற்றுங்கள். மாட்டியதும், ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.