சவேரியார் கல்லூரியும் எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துபவர்கள் கூடும் இடங்களில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. "ஐரிஷ்காரரைப் பாருங்கோ. பஞ்சத்தில அகதியா வந்த சனம். தங்களுக்கெண்டு பள்ளிக்கூடம் கட்டினதாலதான் இண்டைக்கு நிமிர்ந்து நிக்கினம். நாங்களும் முழுநேரப் பள்ளிக்கூடம் ஒண்டு கட்டவேணும்." சென்ற கூட்டத்திலும் ஒரு நண்பர் இதைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான், இங்கிலாந்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒன்றின் கதையையாவது ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்டது லிவர்பூல் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் கல்லூரி.

இந்தப் பெயர் எமக்குப் புதிதல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் மத்தியில் போதித்த அதே சவேரியார்தான். அதற்கு 300 ஆண்டுகள் கழித்து, 1842இல், இயேசு சபையினர் லிவர்பூலின் சோஹோ வீதியில் இப்பள்ளியைத் தொடங்கினார்கள். அயர்லாந்தின் புனிதரான பற்றிக்கின் பெயரிலோ யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது.

1842 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது 1845இல். ஆக, இப்பள்ளி பஞ்சத்தில் வந்தவர்கள் கட்டியதல்ல. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்று அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. வசதியுள்ள கத்தோலிக்கர் தமது ஆண்பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி தேடினார்கள். கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களுக்கான பகற்பள்ளி இது.

1847இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் ஐரிஷ் மக்கள் லிவர்பூலில் வந்திறங்கினார்கள். நகரத்தின் சொந்தச் சனத்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சுமார் 15,000 பேர் அந்த ஒரே ஆண்டில் வறியோர் சட்டத்தின்கீழ் அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியோர் நிலவறைகளில் நெருக்குண்டு கிடந்தார்கள். தைபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளரிடம் சென்ற கத்தோலிக்கக் குருமார் 10 பேர் அதே ஆண்டில் இறந்தார்கள். திருச்சபை அந்த ஏழைகளைக் கைவிட்டது என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் நிலவறைப் பிள்ளைக்குக் கிடைத்தது பங்கின் ஆரம்பப் பாடசாலை. அதுவும் இல்லாவிட்டால் தெரு. 1870களில் சாலிஸ்பரி வீதியில் ஹென்றி க்ளட்டன் வடிவமைத்து எழுந்த அழகான கல்லூரிக் கட்டடம் அந்தப் பிள்ளைக்கு எட்டாத இடமாகவே இருந்தது.

இத்தகைய பள்ளிகளின் கதவு அகலத் திறந்ததில் அரசின் சட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1902ஆம் ஆண்டுச் சட்டம் மதப் பள்ளிகளுக்கு உள்ளூர் வரிப்பணத்தைக் கொண்டுவந்தது, "ரோமுக்கு எங்கள் வரியா?" என்று எதிர்ப்பு எழுந்தது. 1907 விதிகளின்படி அரச மானியம் பெற்ற இடைநிலைப் பள்ளிகள் பொதுவாகக் காற்பங்கு இடங்களை இலவசமாக வழங்கவேண்டியிருந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அரச செலவில் நடக்கும் இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தது. ஆயினும் கட்டணம் நின்ற இடத்தில் பதினொரு வயதுப் பரீட்சை வந்து நின்றது. சவேரியார் கல்லூரி 1961இல் புறநகரான வுல்ற்றனுக்கு இடம்பெயர்ந்து, 1980களில்தான் அந்தப் பரீட்சையும் இல்லாத பொதுப் பள்ளியாயிற்று. தொடங்கி ஏறத்தாழ 140 ஆண்டுகள்!

இன்னொன்று மொழி. பஞ்சத்தில் வந்தவர்களில் கணிசமானோரின் தாய்மொழி ஐரிஷ். இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் பிள்ளைகளின் விசுவாசத்தைக் காப்பாற்றின, மொழியைக் காப்பாற்றவில்லை. ஐரிஷ் பிள்ளைகளை ஆங்கிலக் கத்தோலிக்கராக மாற்றுவதே அப்பள்ளிகளின் வேலையாக இருந்தது என்று மேரி ஹிக்மன் 1995இல் வெளிவந்த தனது நூலில் வாதிட்டார். வெறுப்பு சூழ்ந்த நாட்டில் பிள்ளைக்கு மரியாதை தேடிக்கொடுக்க வேறு வழி இருக்கவில்லை என்று சொல்வோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஐரிஷ்காரரை முன்மாதிரியாகக் காட்டும் எங்கள் நண்பர்கள், மொழியைக் காக்கவே பள்ளிக்கூடம் கேட்கிறார்கள். அந்த இடத்தில் முன்மாதிரி உதவாது.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அங்கே எவருடைய பிள்ளைகள் நுழைவார்கள்? நுழைந்தவர்கள் எதைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வருவார்கள்? எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலேயே, மூன்று பேருக்கும் தவணைக் காசு கட்ட முடியாமல் ஒரு தாய் தன் பிள்ளைகளை மறித்துவிட்டார். இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் பெண். இது பற்றி நிர்வாகக்குழுவில் எவரும் பேசவில்லை, நான் உட்பட.

அடுத்த கூட்டத்தில் கட்டட நிதி பற்றிப் பேச்சு வரும். அதற்கு முன் அந்த மூன்று பிள்ளைகளையும் காசில்லாமல் திருப்பிக் கூப்பிடும்படி கேட்கப்போகிறேன். இதற்குக் கைதட்டல் கிடைக்குமோ தெரியாது.