'சேவ்' பண்ணினால் போதுமா ஸார்?

மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தரவேண்டிய பாக்கிக்கு ஒரு செக் எழுதுகிறீர்கள். தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். எழுதி முடித்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறீர்கள். கடன் தீர்ந்ததா?

'இதென்னய்யா கேள்வி?' என்பீர்கள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெரிய பெரிய வேலைகளுக்குத் திட்டம் போடுகிற மனிதர்கள் சிலர் செய்கிற காரியம் இதேதான்!

'மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்' என்று ஒரு மென்பொருள். யார், எந்த வேலையை, எப்போது ஆரம்பித்து எப்போது முடிக்க வேண்டும் என்று கோடு கோடாகக் காட்டும். 1984-ல், டாஸ் காலத்தில் பிறந்தது. அப்போது தகராறில்லை. மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார், பிரின்ட் எடுப்பார், சுவரில் ஒட்டுவார். ஒட்டினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கே தெரியும்.

பிறகு சர்வர் வந்தது. சுவர் போயிற்று. திட்டம் போடுகிறவருக்கு இரண்டு கட்டளைகள் வந்தன. 'சேவ்' கொடுத்தால் திட்டம் சர்வரில் பத்திரமாக இருக்கும், ஆனால் வெறும் வரைவாக. 'பப்ளிஷ்' கொடுத்தால்தான் புதிய தேதிகள் டீம் ஆட்களின் வேலைப் பட்டியலுக்குப் போய்ச் சேரும். ப்ராஜெக்ட் சர்வர் 2007-ல் வரைவுக்கு ஒரு டேட்டாபேஸ், வெளியிட்டதற்கு இன்னொரு டேட்டாபேஸ். தனிக்குடித்தனம்! 2013 பதிப்பில் இரண்டையும் ஒரே வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். ஆனால் அடுப்பு மட்டும் தனித்தனிதான்.

என் மச்சினன் ஒரு மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். அவன் பட்டியலில் ஒரு வேலை, வெள்ளிக்கிழமை முடியவேண்டும் என்று இருந்தது. அதே வெள்ளிக்கிழமை அவன் தங்கைக்கு வளைகாப்பு. லீவைக் கேன்சல் பண்ணிவிட்டு, ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து முடித்தான். திங்கட்கிழமை மேனேஜர் சொன்னார்: "அட, அதை ரெண்டு வாரம் தள்ளி வெச்சாச்சே! போன வாரமே சேவ் பண்ணிட்டேனே!"

"எனக்கு வரலையே ஸார்" என்றான் இவன்.

இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். "வளையல் போடறப்ப அண்ணன் எங்கேன்னு நாலு தடவை கேட்டாளாம் அத்தான்" என்று அவன் என்னிடம் சொன்னபோது எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. பின்னே, வளைகாப்பை ரெண்டு வாரம் தள்ளி வைக்கவா முடியும்?

'அப்படியானால் சேவ் பண்ணினதுமே எல்லாருக்கும் போய்ச் சேருகிற மாதிரி வைத்துத் தொலைக்கலாமே' என்று கேட்கத் தோன்றும். அதுவும் ஆபத்து. திட்டம் போடுகிறவர் 'இவரை அங்கே மாற்றினால் என்ன ஆகும், அதைப் பத்து நாள் தள்ளினால் எங்கே இடிக்கும்' என்று பல விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிறுக்கலும் ஐம்பது பேர் பட்டியலில் போய் விழுந்தால், காலையில் ஒரு தேதி, மத்தியானம் ஒரு தேதி! நாலாம் நாள் பட்டியலை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். ஆக, இரண்டாகப் பிரித்தது சரிதான். யோசிக்க ஓர் இடம், சொல்ல ஓர் இடம். யோசித்ததையே சொன்னதாக நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

பி.காம். படித்தபோது மெர்க்கண்டைல் லா பேப்பரில் உருப்போட்ட இரண்டு பிரிவுகள் எனக்கு ஞாபகம் வருகின்றன. 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், 46-வது பிரிவு: செக் எழுதுவது, அதை உரியவரிடம் சேர்ப்பிக்கும்போதுதான் முழுமை பெறுகிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 4-வது பிரிவு: ஒரு முன்மொழிவைத் தெரிவிப்பது, அது எதிராளிக்குத் தெரிய வரும்போதுதான் பூர்த்தியாகிறது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது!

அந்த 4-வது பிரிவைக் கவனியுங்கள். அதன்படி பார்த்தால் பப்ளிஷ் கொடுத்தால் மட்டும்கூடப் போதாது. கொடுத்ததும் அது சர்வரின் வரிசையில் போய் நிற்கும். ரேஷன் கடை கியூ மாதிரி, சில சமயம் பாதியில் நின்றும் போகும். முடிந்ததா என்று பார்க்க வேண்டும். முடிந்தாலும், பட்டியலை அந்த ஆள் திறந்து பார்த்தால்தானே?

திட்டம் போடுகிற புண்ணியவான்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். தேதியோ ஆளோ மாறினால் அன்றைக்கே பப்ளிஷ் பண்ணுங்கள். சின்னச் சின்ன மாற்றங்களுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அது எந்த நாள் என்று டீமுக்குச் சொல்லி வையுங்கள். மாற்றத்தால் யாருடைய லீவாவது, தூக்கமாவது பாதிக்குமானால் போனை எடுத்து, "தம்பி, தேதி மாறியிருக்கு, பாத்தியா?" என்று கேளுங்கள்.

அந்தப் போனுக்கு அரை நிமிஷம் ஆகும். மென்பொருளில் அதற்கு இன்னும் பட்டன் வைக்கவில்லை!