உடைவதற்கென்றே ஒரு போல்ட்

எந்திரம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். எந்திரம் வாங்கப்படுகிற நாளைப் பற்றித்தான் நாம் எழுதியிருக்கிறோம். ஒரு தரப்புக்கு அது உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி. இன்னொரு தரப்புக்கு மரபான வேளாண்மை மீது நடந்த வன்முறை. வாங்கிய எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அது நின்றுபோவதும், யாரோ ஒருவர் அதற்கடியில் மல்லாந்து படுத்து, கிரீஸும் மண்ணும் முகத்தில் உதிர, மறுபடி ஓட வைப்பதும் இந்தச் சொல்லாடல்களுக்குள் வருவதே இல்லை. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். திருச்சுழிப் பக்கம் அக்கா வீட்டில் ஒரு பழைய மிஷினோடு மூன்று கோடை மல்லுக்கட்டிய பிறகு அப்படி எழுத முடியவில்லை.

முதலில் ஊர். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று போகப்போகக் கரிசலும் செவலும் மாறிமாறி வரும். வானம் பார்த்த பூமி. மழை மனது வைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, கொத்தமல்லி. அறுவடை முடிந்த காட்டில் பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் நிற்கும். அதை அகற்றினால்தான் கோடை உழவு. முன்பெல்லாம் பெண்கள் மார் பிடுங்கிக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வருவார்கள். இப்போது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சுழல்வெட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஸ்லாஷர் என்று கம்பெனித் தாளில் இருக்கும். எங்கள் வீட்டில் அது 'தட்டை வெட்டுற மிஷின்'. நறுக்கி மண்ணிலேயே பரப்பிவிடுவதால் மண்ணுக்கு நல்லது, காய்ந்த மாரில் தங்குகிற இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் அடுத்த பருவத்துக்கு வழியில்லாமல் போகிறது என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்வது சரிதான். அடுப்பெரிக்க மார் எடுத்துப்போன பெண்களை யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை.

'மூலதனம்' முதல் தொகுதியில், எந்திரத் தொழில் பற்றிய அத்தியாயத்தில், வளர்ச்சியடைந்த எந்திரம் எதையும் மார்க்ஸ் மூன்றாகப் பிரிக்கிறார். இயக்குகிற பொறி, இயக்கத்தைக் கடத்துகிற பொறி, வேலை செய்கிற கருவி. தொழிற்புரட்சி மூன்றாவதில்தான் தொடங்கியது என்பது அவர் வாதம். படிப்பு வட்டத்தில் இதைப் பலமுறை ஒப்பித்திருக்கிறேன். எங்கள் மிஷினில் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. டிராக்டர் முதலாவது, பிளேடு மூன்றாவது, நடுவிலிருக்கும் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் இரண்டாவது. நாங்கள் வேகவேகமாகத் தாண்டிப்போன இந்த இரண்டாவதில்தான் ரிப்பேர் பாதிக்கு மேல் இருக்கிறது. ரத்தமும்.

டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கிற பல்வெட்டிய தண்டுக்கு பி.டி.ஓ. என்று பெயர். நிமிடத்துக்கு 540 சுற்று. 1920களில் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட எண் அது. திருச்சுழிக் காட்டிலும் இன்று அதே 540தான். இரு முனையிலும் கிராஸ் வைத்த ஷாஃப்ட் ஒன்று அந்தச் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது கீழ்நோக்கித் திரும்புகிறது, வேகமும் கூடுகிறது. எங்கள் மிஷினில் சுமார் 900 சுற்று. கவிழ்த்த அண்டா போன்ற தகட்டுக்கு அடியில் இரண்டு கனத்த பிளேடுகள் ஐந்தடி வட்டம் போடுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு 70 மீட்டருக்கு மேல், மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் ஒரு சுக்காங்கல் தெறித்தால் அது கல் அல்ல, தோட்டா.

இவ்வளவு வேகத்தில் சுற்றுகிற ஒன்று மண்ணில் மறைந்திருக்கிற கருவேலங்கட்டையில் முட்டினால் அந்த விசை எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் ஷாஃப்ட் கியர்பாக்ஸைச் சேருகிற இடத்தில் குறுக்கே ஒரு போல்ட் வைத்திருக்கிறார்கள். ஷியர் போல்ட். அது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அது வெட்டுப்பட்டதும் ஷாஃப்ட் சும்மா சுற்றும், பிளேடு நின்றுவிடும், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். மிஷினிலேயே விலை குறைந்த பாகம் அதுதான். எது முதலில் உடைய வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்கிறார். ஒரு மிஷினில் நான் படித்துப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் என்று இதைச் சொல்வேன்.

புரிந்துகொண்டது பிற்பாடு. ஒரு மாசி மாதம் ஒரே நாளில் மூன்று போல்ட் போனது. ஒவ்வொன்றையும் தட்டி எடுத்து மாற்ற அரைமணி. வாடகைக்குப் போன இடத்தில் அரைமணி என்பது காசு. மச்சான் சலித்துப்போய், "அருப்புக்கோட்டைதான போற, ஒடையாத போல்ட்டா பாத்து வாங்கிட்டு வா மாப்ள" என்றார். நானும் போய், தலையில் 12.9 என்று பொறித்த போல்ட்டைப் பெருமையோடு வாங்கிவந்தேன். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. புள்ளிக்கு முன்னால் இருப்பதை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை, மெகாபாஸ்கல் கணக்கில். எங்கள் மிஷினுக்குச் சொல்லப்பட்டிருந்தது 4.6. அதாவது மூன்று மடங்கு வலுவான ஒன்றை நான் அங்கே திணித்திருந்தேன். மூன்று நாள் உடையவே இல்லை. நாலாம் நாள் கட்டையில் மோதியபோதும் போல்ட் தாங்கியது. கியரின் பல்தான் தாங்கவில்லை.

லேத் பட்டறை அண்ணாச்சி கியர்பாக்ஸைத் திறந்து, உடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "போல்ட்டு ஒடையறதுக்குத்தான் தம்பி வச்சிருக்கான். நீங்க அத ஒடைய விடல. அப்ப வேற ஒண்ணு ஒடையணும்ல?"

இதைவிடச் சுருக்கமாக எந்தக் கோட்பாட்டு நூலிலும் நான் படித்ததில்லை. பழைய மிஷின் ஒன்றைப் பராமரிப்பது என்றால் இந்த 'வேற ஒண்ணு' எது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான். பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள். அது கெட்டியாக முறுக்கப்பட்டிருக்காது. ஒரு போல்ட்டில் தொங்கி, கல்லில் பட்டால் பின்வாங்குகிற மாதிரி விட்டிருப்பார்கள். துருவும் மண்ணும் ஏறி அது ஆடாமல் இறுகிவிட்டால் அடி முழுக்க மேலே போகிறது. தேய்ந்துபோன பிளேடில் ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமன்படாது. நூறு கிராம்தானே என்று தோன்றும். இரண்டடி ஆரத்தில், 900 சுற்றில், அந்த நூறு கிராம் ஐம்பது கிலோவுக்கு மேலான பாரம் மாதிரி, நொடிக்குப் பதினைந்து சுற்றும் பேரிங்கைப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் ஜோடியாக மாற்ற வேண்டும். சாணை பிடித்த பிறகு இரண்டையும் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மளிகைக்கடைத் தராசில் பார்த்தோம், கடைக்காரர் சிரித்தார். சாணையும் அரிவாள் மாதிரி கூர்மையாகப் பிடிக்கக் கூடாது. இது அறுக்கிற கருவி இல்லை, அடித்து முறிக்கிறது. விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பு நிற்கட்டும். வளைந்த பிளேடைச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் அதன் தோய்ச்சல் போய்விடும். கொல்லுப்பட்டறை ஆசாரியிடம் கேட்டால் இதைப் பாடம் எடுப்பதுபோலச் சொல்வார். கேட்கிறவர்தான் குறைந்துவிட்டார்கள்.

கியர்பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில். கீழே இருக்கும் ஆயில் சீல்தான் முதலில் போகும். காரணம் சீல் அல்ல; தட்டை நாரும், உரச்சாக்கு நூலும், காட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் தாளும் தண்டில் சுற்றிக்கொண்டு சீலைத் தின்றுவிடுகின்றன. சாயங்காலம் ஐந்து நிமிடம் குனிந்து அதை அறுத்தெடுத்தால் போதும். அறுக்காமல் விட்டு, ஒழுக ஆரம்பித்ததும் ஆயிலுக்குப் பதில் கிரீஸை அப்பி அடைப்பது எங்கும் நடக்கிறது. பல் அந்தக் கிரீஸை ஓரமாகத் தள்ளிவிட்டு வறட்சியில் ஓடும். சூட்டில் நீலம் பாய்ந்த கியரை அண்ணாச்சி பட்டறையில் பார்த்திருக்கிறேன். தகடு விரிசல் விட்டால் விரிசலின் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டுவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும், இல்லையென்றால் விரிசல் வெல்டிங்கைத் தாண்டி நடந்துபோகும். வெல்டிங்கின் எர்த்தைப் பக்கத்திலேயே கவ்வ வேண்டும். டிராக்டரில் எங்கோ கவ்வினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்தல் போட்டுவிடும்.

ஷாஃப்ட்டுக்கு வருகிறேன். அது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். டிராக்டர் மேடு பள்ளத்தில் ஏறி இறங்க, ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். உள்ளே கிரீஸ் இல்லாமல் இறுகினால் அது ஈட்டியாகிக் கியர்பாக்ஸைக் குத்தும். ஆகவே கிராஸ் இரண்டிலும் குழாயிலும் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவர் உண்டு; ஷாஃப்ட் சுற்றினாலும் கவர் சுற்றாமல் நிற்கும். பழைய மிஷின்களில் அந்தக் கவரை நான் பெரும்பாலும் பார்த்ததில்லை. கிரீஸ் அடிக்கத் தொந்தரவு என்று கழற்றி எறிந்திருப்பார்கள், அல்லது வெயிலில் நொறுங்கியிருக்கும். எங்களுடையதிலும் இல்லை.

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. ஷாஃப்ட்டின் சுற்றளவு ஒரு சாண். ஏதாவது துணி நுனி அதில் சிக்கினால் நொடிக்கு இரண்டு மீட்டர் உள்ளே போகும். நாலு முழ வேட்டிக்கு ஒரு நொடி. கையை எடு என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மிஷினை ஓட்டுகிறவன் நிலமில்லாத வீட்டுப் பையன். எந்தத் தெரு என்று நான் சொல்லாமலே இந்தப் பத்திரிகையின் வாசகருக்குத் தெரியும். கியர்பாக்ஸ் உடைந்ததற்கு அடுத்த வருடம், பங்குனி வெயிலில், பி.டி.ஓ.வை நிறுத்தாமல் குனிந்து சத்தம் எங்கே வருகிறதென்று பார்த்திருக்கிறான். தோளில் கிடந்த துண்டு பாய்ந்தது. இழுத்த இழுப்பில் தலை ஷாஃப்ட்டுக்கு ஒரு முழம்வரை போய்விட்டது. துண்டு கிழிந்தது. பல வருடம் துவைத்து நைந்துபோன துண்டு. புதுத் துண்டாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அண்ணாச்சி சொன்ன 'வேற ஒண்ணு' அந்தத் துண்டுதான். எங்கள் மிஷினில் மெலிந்த கண்ணியை நாங்கள் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஏன் நிறுத்தாமல் பார்த்தான்? கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம், மச்சான் அப்படித்தான் சொன்னார். அவனைக் கேட்டேன். "மீட்டர் ஓடுனாத்தான்ணே மணிக்கணக்கு. நிப்பாட்டிப் பாக்குற நேரம் யாரு கணக்கு?" வாடகை மணிக்கு. அவன் சம்பளமும் மிஷின் ஓடிய மணிக்கு. கிரீஸ் அடிப்பது, நார் அறுப்பது, போல்ட் மாற்றுவது எல்லாம் அதற்கு வெளியே. 'மூலதன'த்தின் இரண்டாம் தொகுதியில், தேய்மானமும் பழுதுபார்ப்பும் பற்றிய எட்டாம் அத்தியாயத்தில், மார்க்ஸ் இதைத் தொட்டுச் செல்கிறார்: எந்திரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிற உழைப்பைத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் கூலியில்லாமல் செய்கிறார்கள், அதனாலேயே பல சமயம் எந்திரம் ஓடும்போதே செய்கிறார்கள், விபத்துகளில் பெரும்பாலானவை அதிலிருந்து வருகின்றன என்று. முதல் தொகுதியோடு நின்றுவிட்ட எங்கள் படிப்பு வட்டம் அதுவரை வந்ததே இல்லை. வந்திருந்தாலும் வீட்டில் பாத்திரம் துலக்குகிற உழைப்பையே கணக்கில் கொள்ளாத நாங்கள் இதை மட்டும் கவனித்திருப்போமா என்பது சந்தேகம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கதிரடிக்கும் மிஷின்களில் கை போனவர்களை முன்னிட்டு 1983இல் அபாயகரமான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உறுப்புகளுக்கு ஓர் அட்டவணை போட்டது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. தோள்மூட்டோடு கை போனால் 90. உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியலும் இந்த அட்டவணையும் ஒரே மாதிரி அச்சிடப்பட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் பட்டியலில் பேர் வர முதலில் ஒருவன் யாரிடம் வேலை செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். திருச்சுழிக் காட்டில் அதற்கு என்ன காகிதம் இருக்கிறது?

இந்தக் கோடையில் 4.6 போல்ட் ஒரு டப்பா வாங்கி டூல்பாக்ஸில் வைத்திருக்கிறோம். அடியில் போகிறவர் பி.டி.ஓ.வை விடுவித்து, இஞ்சினை அணைத்து, சாவியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு, பிளேடு நின்ற பிறகு, தகட்டுக்கடியில் பனங்கட்டை முட்டுக் கொடுத்துத்தான் போக வேண்டும். பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கும் என்று நம்பக் கூடாது, மெல்ல மெல்ல இறங்கும். ஷாஃப்ட்டுக்குப் புதுக் கவர் போட்டாயிற்று. அதில் கிரீஸ் நிப்பிள் தெரிகிற இடத்தில் திறப்பு இருக்கிறது, கழற்ற வேண்டியதில்லை. இதெல்லாம் ஒரு நாளில் நடந்துவிட்டது. காலையில் கிரீஸ் அடிக்கிற அரைமணியையும் நோட்டில் எழுதணும் என்று அவன் கேட்டிருக்கிறான். மச்சான் பார்க்கலாம் என்றார். பங்குனி முடியப்போகிறது, இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.