வேட்பாளரை வினாவுதலும் விடைகளைத் தொகுத்தலும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, யாது எழுதலாம் எனச் சில நாள் எண்ணினேன். இளமை நினைவுகளை எழுதவல்லார் நம்முள் பலர் உளர். ஆதலின், குடிமக்கள் யாவருக்கும் உரியதும், இன்று இங்கே பயிலும் மாணவர் தம் கையாலேயே செய்யத்தக்கதுமான ஒரு பணியை விளக்க விழைந்தேன். தேர்தலில் நிற்போருக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர் தரும் விடைகளை ஒழுங்குபடுத்தி, வாக்காளர் காணும்படி இணையத்தளத்தில் வெளியிடுவதே அப்பணி. எளிய எழுத்தர் வேலைபோலத் தோன்றும் இதனுள் நீதியின் நுட்பங்கள் பல அடங்கியுள்ளன.

தெரிந்து தேர்தல் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையால் உறுப்பினரைத் தெரிந்தமையைக் கூறுகின்றன. வயது, நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி ஆகியன தகுதிகளாயின. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அந்நாளின் தகுதிகள் பலரைப் புறத்தே நிறுத்தின. அவற்றை நாம் மீட்க வேண்டுவதில்லை. எனினும், பொறுப்பை நாடுவோரைப் பற்றி ஊரார் முன்கூட்டியே அறிதல் வேண்டும் என்ற எண்ணம் கல்லில் நிலைபெற்றிருத்தலை மறுக்கவியலாது.

நாவுலையில் ஒரு வாக்காளர்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது நாவுல. அங்கு வாழும் தமிழ் வாக்காளர் ஒருவரை மனத்திற் கொள்வோம். பாராளுமன்றத் தேர்தலில் மாத்தளை மாவட்டத்துக்கு 2024 இல் 5 ஆசனங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு சுயேச்சைக் குழுவும் ஆசனங்களின் தொகையோடு மூன்றைக் கூட்டி, 8 பேரை நிறுத்துதல் வேண்டும். வாக்காளர் முதலிற் பட்டியல் ஒன்றைத் தெரிந்து, பின்னர் அப்பட்டியலில் மூவர் வரையில் விருப்பு வாக்கு அளிக்கலாம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழிவந்த இம்முறையிற் பாராளுமன்றப் பொதுத் தேர்தல் முதன்முதலாக 1989 இல் நடைபெற்றது.

முன்னாளில் அபேட்சகர் என வழங்கப்பட்டவர் ஒரு தொகுதிக்கு மூவரோ நால்வரோ ஆவர்; அவரை ஊரார் முகமறிவர். இன்றோ, இருபது பட்டியல்கள் இருப்பின் 160 பெயர்கள் வாக்காளர் முன் நிற்கும். சுவரொட்டியில் முகமும் இலக்கமும் இருக்குமேயன்றிக் கொள்கை இராது. அச்சுவரொட்டியும் பெரும்பாலும் அவர் வாசிக்கும் மொழியில் இராது.

இந்த வாக்கு எளிதிற் கிடைத்ததுமன்று. 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இல் தேர்தற் சட்டத்துக்கு வந்த திருத்தமும் இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. மாத்தளைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். எஞ்சியோருக்கு உரிமை வழங்கிய சட்டங்களுள் ஒன்று 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமாகும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துப் பெற்ற வாக்கை, எவரிடம் அளிக்கின்றோம் என்று அறியாமலே அளிக்கும்படி ஒருவரை விடுதல் முறையாகுமா?

பிறர் செய்தவை

நெதர்லாந்தில் 1989 இலும், ஜேர்மனியில் 2002 இலும், கட்சிகளின் நிலைப்பாடுகளை வாக்காளர் தம் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடுகள் தோன்றின. 'வால்-ஓ-மாட்' எனப்படும் ஜேர்மானிய ஏற்பாட்டில் 38 கூற்றுகள் தரப்படுகின்றன. அவற்றுக்குக் கட்சிகளே விடையளிக்கின்றன. சுவிற்சர்லாந்தில் 2003 முதல் 'ஸ்மார்ட்வோட்' என்னும் தளத்தில் வேட்பாளர் தாமே வினாக்கொத்தை நிரப்புகின்றனர்.

இந்தியாவில் அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர் சிலர் 1999 இல் நிறுவிய சனநாயகச் சீர்திருத்தச் சங்கம் வழக்குத் தொடுத்தது. அதன் பயனாக 2002 மே 2 இலும், பின்னர் 2003 மார்ச் 13 இலும் உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளர் தம் குற்றவழக்குகள், சொத்து, கல்வி என்பவற்றைச் சத்தியக் கூற்றாகத் தரல் வேண்டும் என்பது நிலைபெற்றது. அக்கூற்றுகளைச் சங்கத்தார் தொகுத்து இணையத்தில் இடுகின்றனர்.

நம் நாட்டில் 2015 இல் 'மார்ச் 12 இயக்கம்' வேட்பாளரைத் தெரிவதற்கு எட்டு அளவைகளை முன்வைத்தது. பாராளுமன்ற உறுப்பினர் அவையில் ஆற்றும் பணியை 'மந்திரி' என்னும் தளம் மும்மொழியிலும் பதிவுசெய்து வந்துள்ளது. 2023 இல் நிறைவேறிய தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டமும் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் செலவையும் சொத்தையும் வெளிப்படுத்தக் கோருகின்றன. ஆயினும், சொத்து விபரம் ஒருவரிடம் என்ன உள்ளது என்பதையே காட்டும். அவர் என்ன செய்வார் என்பதைக் காட்டாது. அதற்கு வினாவே வழி.

வினாவை அமைத்தல்

'குடிநீர்க் குழாயும் யானை வேலியும் அமைப்பதை ஆதரிப்பீரா?' என்று கேட்பின், ஒன்றை ஆதரித்து மற்றதை மறுப்பவர் யாது விடையளிப்பார்? ஒரு வினாவில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும். 'மக்களை வாட்டும் இவ்வரியை நீக்குவீரா?' என்பது வினாவன்று; விடையை உள்ளடக்கிய தூண்டில். கேட்போரின் சார்பு சொல்லில் ஒளிந்திருத்தலாகாது.

பதவியின் அதிகாரமும் நோக்கத்தக்கது. கிராமத்து ஒழுங்கை, சந்தை, நூல்நிலையம் முதலியன நாவுலப் பிரதேச சபையின் பொறுப்பில் வருவன. மகாவலி நீரைப் பங்கிடுதல் மத்திய அரசின் பொறுப்பு. பிரதேச சபைக்கு நிற்பவரிடம் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் நீர்ப் பங்கீட்டைப் பற்றி வினாவி, அவர் தரும் வாக்குறுதியை வெளியிடுதல் வாக்காளரை மயக்குவதாகும்.

விடைகளை ஏற்றலும் பதிதலும்

காலம் குறுகியது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 2024 பொதுத் தேர்தலில் நியமனப் பத்திரம் ஏற்றல் ஒக்டோபர் 11 இல் முடிந்தது; வாக்களிப்பு நவம்பர் 14 இல் நடைபெற்றது. இடையே 34 நாட்களே. அஞ்சல் வாக்காளருக்கோ இன்னும் குறைவு. ஆகவே வினாக்கொத்தும், முகவரிப் பட்டியலும், பதிவேடும் நியமனத்துக்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தோடு, ஒரே இறுதித் திகதியிட்டு அனுப்புதல் முதல் விதி. அனுப்பிய நாளும் வழியும் பதிவேட்டில் எழுதப்படும். விடை வந்ததும் அதற்கு வரிசை இலக்கம் இட்டு, மூலப்பிரதியை மாற்றமின்றிக் காத்தல் வேண்டும். விடை மெய்யாகவே வேட்பாளரிடமிருந்து வந்ததா என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். எதிரணியினர் அவர் பெயரில் விடை அனுப்புதல் இயலாததன்று.

பின்னர் விடைகள் அட்டவணையில் ஏறும். ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. ஒரு வினாவுக்கு ஒரு நிரல். ஒரே பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளில் பலவாறு எழுதப்படும். ஒரே பெயருடையார் இருவரும் இருத்தல் கூடும். எனவே பட்டியலையும் அதிலுள்ள வேட்பாளர் இலக்கத்தையும் சேர்த்தே அடையாளமாகக் கொள்க. முற்கூறிய 160 பேரிடம் 12 வினாக்கள் கேட்டால் 1,920 கட்டங்கள் நிரம்புதல் வேண்டும். நூற்றுக்கு ஒன்று தவறினும் பத்தொன்பது பிழைகள்! 'ஆம்' என்றவரை 'இல்லை' என்று காட்டும் ஒரு பிழை, அவர் பல ஆண்டு உழைத்துப் பெற்ற நன்மதிப்பைக் கெடுக்கவல்லது. ஆகையால், ஒரே தாளை இருவர் தனித்தனியே பதிதல் வேண்டும். இரு பதிவும் மாறுபடும் இடத்தில், மூன்றாமவர் மூலத்தை நோக்கித் தீர்ப்பார். வெளியிடுமுன் வேட்பாளருக்கே பிரதியை அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் அளித்துச் சரிபார்க்கச் செய்தல் மேலும் நன்று. அதன்பின் அவர் கருத்தை மாற்றின், மாற்றத்தையும் அதன் திகதியையும் காட்டுதல் வேண்டும், பழையதை மறைத்தலாகாது.

மௌனத்தின் வகைகள்

இப்பணியில் மிகக் கடினமானது விடையைப் பதிதலன்று, விடையின்மையைப் பதிதலே. வெற்றுக்கட்டம் ஒன்றன் பின்னே நான்கு நிலைகள் இருத்தல் கூடும். வினாக்கொத்து அவரைச் சென்றடையாதிருக்கலாம். சென்றடைந்தும் அவர் திருப்பி அனுப்பாதிருக்கலாம். திருப்பி அனுப்பியும் அவ்வொரு வினாவை மட்டும் விட்டிருக்கலாம். அன்றேல், விடையளிக்க மறுப்பதாக எழுதியே தெரிவித்திருக்கலாம். நான்கையும் 'விடையில்லை' என ஒரே சொல்லால் எழுதின், நம் முகவரிப் பிழையின் பழியை வேட்பாளர் தலையிற் சுமத்தினவராவோம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2013 செப்டெம்பர் 13 இல் இதனோடு ஒத்த வழக்கொன்றைத் தீர்த்தது. சத்தியக் கூற்றிற் கட்டங்களை வெறுமையாக விடுதல் வாக்காளரின் அறியும் உரிமையைப் பயனற்றதாக்கும் என்றும், நிரப்புமாறு நினைவூட்டிய பின்னும் நிரப்பாதவரின் பத்திரத்தைத் தேர்தல் அதிகாரி தள்ளலாம் என்றும் கூறியது. நம் வினாக்கொத்துக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. ஆயினும் அத்தீர்ப்பின் ஒழுங்கு நமக்கும் ஏற்றது: முதலில் நினைவூட்டுக, பின்னரே விடையின்மையை அறிவிக்க.

மொழிபெயர்ப்பு என்னும் பாலம்

மாத்தளையில் விடைகளிற் பெரும்பாலன சிங்களத்தில் வரும். 'சலகா பலன்னம்' என ஒருவர் எழுதுகின்றார் எனக் கொள்வோம். 'ஆலோசித்துப் பார்ப்பேன்' என்பது அதன் பொருள். விரைவில் மொழிபெயர்ப்பவர் 'கவனிக்கின்றேன்' என எழுதிவிடலாம். தமிழில் அச்சொல் 'பார்த்து ஆவன செய்வேன்' என்றும் பொருள்படும்! வேட்பாளர் கொடாத வாக்குறுதி ஒன்று தமிழ் வாக்காளர் கையில் வந்து சேரும். நாளை அது நிறைவேறாதபோது அவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். ஏமாற்றியவர் வேட்பாளரல்லர், நாமே. ஆகவே மொழிபெயர்ப்பை, மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் சிங்களமாக்கி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தளத்தில் மூலச்சொற்களையும் அருகே வைத்தல் வேண்டும்.

நாவுலைக்கு அண்மையில் நாலந்தா கெடிகே உள்ளது. தென்னாட்டுக் கோயிற் கட்டட முறையில் எழுந்த பௌத்த ஆலயம் அது. போவதென்ன நீர்த்தேக்கத்தின் நீர் அவ்விடத்தை மூடவிருந்தமையால், அதனைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அமைத்தனர். இன்று காண்போர் பழைய ஆலயத்தையே காண்கின்றனர். விடையைத் தாளிலிருந்து தளத்துக்கும், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கும் கொண்டுசெல்பவருக்கு அஃது ஒரு பாடம். கல் இடம் மாறலாம், கட்டடம் மாறலாகாது.

நடுவுநிலை

இறுதியாக, வெளியிடும் முறை. எவருடைய விடையை முதலில் வைப்பது? வாக்குச்சீட்டின் ஒழுங்கைப் பின்பற்றுதல் எவரும் குறைகூறவியலாத வழி. நீண்ட விடைகளுக்கு எல்லாருக்கும் ஒரே சொல்லெல்லை விதித்து, அதனை முன்னரே அறிவித்தல் வேண்டும். புள்ளியிட்டு வரிசைப்படுத்தலை யான் விரும்பேன். ஒப்பிடும் முறையிலும் அநீதி நுழையும் என்பதற்கு ஜேர்மனி சான்று. 'வால்-ஓ-மாட்'டில் ஒருமுறைக்கு எட்டுக் கட்சிகளையே ஒப்பிடலாம் என இருந்தமை சிறு கட்சிகளுக்குத் தீங்கு விளைப்பதெனக் கொலோன் நிருவாக நீதிமன்றம் 2019 மே மாதத்தில் தடை விதித்தது. தீய எண்ணமின்றி அமைத்த ஓர் எல்லையே வழக்குக்கு இடமளித்தது காண்க.

தேர்தல் முடிந்ததும் தளத்தை அழித்துவிடலாகாது. வென்றவர் அன்று எழுதிய விடையை ஐந்தாண்டின் பின் எடுத்துப் பார்க்கும்போதே வினாவின் முழுப்பயனும் தோன்றும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்தரமேரூர்ச் சபையின் கருத்தும் இதுவேயன்றோ?

மாணவ நண்பர்களே, இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மும்மொழி அறிந்தோர் சிலரும், ஒரு கணினியும், ஒரு பதிவேடும் போதும். ஆனால், தமக்கு விருப்பமான வேட்பாளரின் விடையையும் வெறுப்பானவரின் விடையையும் ஒரே கையெழுத்திற் படியெடுக்கும் மனம் வேண்டும். அம்மனத்தைப் பயிற்றுவதற்கே கல்லூரிகள் உள்ளன என்பது யான் இங்கு கற்ற பாடங்களுள் ஒன்று. நாவுலையில் ஒரு தாய், தன் மொழியிலே எட்டுப் பேரின் விடைகளையும் வாசித்து, மூவரைத் தானே தெரிந்து வாக்களிக்கும் நாளில், அப்பாடத்தின் பயன் ஒரு சிறிதேனும் வெளிப்படும்.